பிஎஸ்4-க்கு டிஸ்க் மாற்றப் போகும் தம்பிகளுக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் சோனி கேம் கருவி பிஎஸ்4-ஐத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். "அண்ணே, இதை உடைச்சு உள்ளே இருக்கறத மாட்டிடலாம்தானே?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்த யோசனையோடு கிளம்பிய மூன்றாவது ஆள் இவன். முதல் ஆள் நான்தான்.

கரண்டை நிறுத்து, ஸ்க்ரூவைத் தொலைக்காதே என்பதெல்லாம் இவர்களுக்கே தெரியும். அதனால் டிஸ்க் மாற்றும்போது செய்யும் தப்புகளுக்கு நேராக வருகிறேன்.

போர்ட்டபிள் டிஸ்க்கை உடைப்பது

பிஎஸ்4-க்குள் இருப்பது மடிக்கணினியில் போடும் அதே 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான். சாட்டா என்பது டிஸ்க்கை உள்ளே செருகும் முனையின் வகை. பழைய மாடலில் 500 ஜிபி. சில கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுவதால் நாலைந்தோடு இடம் முடிந்துவிடும். 2018-இல் எனக்கும் முடிந்தது. ஈப்போவில் கடை கடையாக ஏறினேன். வெறும் டிஸ்க்கைவிட, பெட்டியோடு வரும் 2 டிபி போர்ட்டபிள் 60 ரிங்கிட் மலிவு. பெட்டியை உடைத்தால் உள்ளே அதே டிஸ்க்தானே, கடைக்காரருக்குத் தெரியாத ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைப்பு.

வீட்டுக்கு வந்து, சமையலறைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். சாட்டா முனை இருக்க வேண்டிய இடத்தில் யூஎஸ்பி வாய். தனியாகக் கழற்றும் அட்டை கிடையாது. பல போர்ட்டபிள்களில் அந்த வாயை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிஎஸ்4-இல் அதைச் செருக இடமே இல்லை. சரி, பழையபடி மூடிவிடலாம் என்று பார்த்தால், நெம்பிய நெம்பலில் வாய் ஆட்டம் கண்டிருந்தது. வாரண்டியும் போச்சு.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது காசு போனதுகூட இல்லை. 2017 மார்ச்சில் வந்த 4.50 மென்பொருளிலிருந்தே பிஎஸ்4 வெளி டிஸ்க்கை ஏற்றுக்கொள்கிறது. யூஎஸ்பி 3.0 ஆக, 250 ஜிபி முதல் 8 டிபி வரை இருந்தால் போதும். உடைக்காமல் செருகியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை! ஃபார்மட் செய்யும்போது அதில் உள்ளதெல்லாம் அழியும், அவ்வளவுதான். தம்பியின் டிஸ்க்கை அப்படியே செருகிக் கொடுத்தேன். உடைத்துப் பார்க்க முடியவில்லையே என்று அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

உள்ளேதான் மாற்றுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வெறும் சாட்டா டிஸ்க்காகவே வாங்குங்கள். தடிமன் 9.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 15 மில்லிமீட்டர் தடிமனில் வரும் 4 டிபி உள்ளே போகாது.

சின்ன ஃபைலை இறக்குவது

புது டிஸ்க்கில் மென்பொருளே இருக்காது. சோனி தளத்தில் இரண்டு ஃபைல் உண்டு: வழக்கமான அப்டேட், முழுதாக மறுபடி நிறுவுவதற்கானது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, சுமார் 1 ஜிபி. சின்னதை வைத்துக்கொண்டு ஒருவர் ராத்திரி பூராவும் "டிஸ்க் கெட்டுப் போச்சு" என்று புலம்பினார். ஃபைலை பென்டிரைவில் பிஎஸ்4 என்ற ஃபோல்டருக்குள், அப்டேட் என்ற ஃபோல்டரில், இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரிட்டு வையுங்கள். பிறகு பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடித்து, சேஃப் மோடில் (பழுது பார்க்கும் மெனு) மென்பொருளை மறுபடி நிறுவும் ஏழாவது தேர்வு.

சேவ் ஃபைலை மறப்பது

கேமில் எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவுதான் சேவ் ஃபைல். கழற்றும் முன்பே அதைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கைக் கணினியில் செருகிப் படிக்க முடியாது, எல்லாம் பூட்டிய எழுத்து. கேமில் வென்ற டிராஃபிகள் பேக்கப்பில் வராது; முதலில் உங்கள் சோனி கணக்கோடு சிங்க் செய்துவிடுங்கள்.

சாயங்கால மழையில் தொடங்குவது

வேண்டாம். எங்கள் பக்கம் இடி இடித்தால் கரண்ட் போகும்.

பிஎஸ்5-க்கும் இதே டிஸ்க்

உள்ளே போகாது. அதற்கு எம்.2 என்ற, குச்சி மாதிரி இருக்கும் வேறு வகைதான்.