விடுமுறையின் கடைசி நாளுக்கு ஒரு செட்டிநாட்டுச் சுற்று

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளைப் பெட்டி கட்டுவதிலேயே கழித்துவிடாமல், விடியற்காலையிலேயே காரைக்குடியிலிருந்து காரில் புறப்படுங்கள். நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால், பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. குன்றக்குடி மலைக்கோயில் அருகிலேயே இருக்கிறது. வெயில் ஏறியபின் ஆத்தங்குடிக்குச் செல்லுங்கள். கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் இட்டு, பிறகு நீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்யப்படும் ஆத்தங்குடித் தரைக்கற்களை அவசரமின்றிப் பாருங்கள். இந்தப் பயணத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. கானாடுகாத்தானின் நெடிய வீதிகளை நடந்தே காண வேண்டும். திருமயம் கோட்டையின் வாயில் மாலையில் அடைக்கப்படுவதால், நான்கு மணிக்குள் அங்கே சென்று, 1687இல் சேதுபதி மன்னர் எழுப்பிய அந்தக் கோட்டையின் உச்சிவரை ஏறுங்கள், குடிநீரை மறவாதீர்கள்.