மெயில் உள்ளே விடவில்லையா? பாஸ்வேர்டில் மட்டும் கை வைக்காதீர்கள்

"தாந்தின், மெயில் இ மார்ஷ் பா!"

சனிக்கிழமை காலையில் பாரோவுக்கு, அதாவது வாசல் கேட்டுக்கு, வெளியே இந்தக் குரல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன். மெயில் வேலை செய்யவில்லை என்று கிரியோலில் முறையிடுகிறார்கள். காரைக்காலில் பிறந்து, ரெயூனியன் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிற சேந்தாந்த்ரேவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கள் கோயில் சங்கத்தின் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. சங்கத்தின் பழைய மடிக்கணினியோடு பல வருஷம் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பிரவுசரில் வெப்மெயில் திறக்கிறது. அதே முகவரியையும் அதே பாஸ்வேர்டையும் கணினியில் மெயில் பார்க்கும் நிரலான தண்டர்பேர்டிலோ அவுட்லுக்கிலோ போட்டால் தவறு என்கிறது. "அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்பேன். "பாஸ்வேர்டை மாத்திட்டேன்" என்பார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

வெப்மெயில் உங்களை உள்ளே விடுகிறது என்றால் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்? மாற்றினால் கோளாறு போகாது, கூடவே புதிதாக நான்கு கோளாறு வரும். போனில் இருக்கும் மெயில், வீட்டு டேப்லெட், அலுவலகக் கணினி எல்லாம் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். தண்டர்பேர்டை நாம் எதுவும் மாற்றாமல் விட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புது மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கும். பார்க்கும்போதெல்லாம் தப்பான பாஸ்வேர்டைக் கொடுக்கும். யாரோ திருடன் தட்டுகிறான் என்று நினைத்து மெயில் நிறுவனம் கணக்கையே கொஞ்ச நேரம் பூட்டிவிடக்கூடும். அதன்பின் வெப்மெயிலும் திறக்காது.

எங்களுக்கே இது நடந்தது. ஒரு தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னால், காவடி ஊர்வலம் போகும் தெருவை மூடித் தரச் சொல்லி மேரிக்கு, அதாவது நகராட்சிக்கு, கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. மெயில்கள் வந்துகொண்டிருந்தன, ஆனால் எங்கள் கடிதம் மட்டும் போகவில்லை. பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டுப் பெட்டி எழும்பியது. தலைவர் அண்ணன் பொறுமை இழந்து ஒரே மாலையில் மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். இரவுக்குள் யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. கடைசியில் கடிதத்தை அச்செடுத்து நானே மேரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உண்மையான காரணம் என்ன தெரியுமா? அதற்கு முந்தைய மாதம் இன்டர்நெட் இணைப்பை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தோம். தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வர், அதாவது நம் மெயிலை வாங்கி அனுப்பி வைக்கும் நிறுவனத்தின் கணினி, மட்டும் பழைய நிறுவனத்துடையதாகவே இருந்தது. வாடிக்கையாளரே இல்லாதவர்களின் கடிதத்தை அவர்கள் எதற்கு எடுத்துப்போக வேண்டும்? பிழை எங்களுடையதுதான்.

ஆகவே முதல் வேலை, எழும்புகிற பெட்டியை நிதானமாகப் படிப்பது. யாரும் படிப்பதில்லை, ஏதோ கொசுவை விரட்டுவதுபோல மூடிவிடுகிறார்கள். எந்த சர்வர் பாஸ்வேர்டு கேட்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். பெயர் ஐமேப் என்றோ பாப் என்றோ தொடங்கினால் அது மெயிலை வாங்கித் தரும் கதவு. எஸ்எம்டிபி என்று தொடங்கினால் அனுப்பும் கதவு. இரண்டும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பயனர் பெயர், பாஸ்வேர்டு, போர்ட் எண் (சர்வருக்குள் எந்த வழியாக நுழைவது என்பதற்கான எண்) உண்டு. மெயில் வருகிறது ஆனால் போகவில்லை என்று யாராவது சொன்னால், வாங்கும் பக்கத்தை நான் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன்.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளைத் திறந்தால், இடதுபக்கப் பட்டியலின் அடியில் செர்வேர் சோர்த்தான், அதாவது அனுப்பும் சர்வர், என்று தனியாக ஒன்று இருக்கும். நம் ஊர்க் கணினிகளில் எல்லாம் பிரெஞ்சில்தானே இருக்கிறது. அங்கே உள்ள சர்வர் பெயர் உங்கள் மெயில் முகவரிக்கு உரியதா என்று பாருங்கள். போர்ட் 25 என்று இருந்தால் அதுவே பிரச்சினையாக இருக்கலாம். ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து வீட்டு இணைப்புகளில் அதைப் பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன. 465 போட்டால் பாதுகாப்பு என்ற இடத்தில் எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ் என்று இருக்க வேண்டும். 587 போட்டால் ஸ்டார்ட்டிஎல்எஸ். எண்ணை ஒன்றும் பாதுகாப்பை மற்றொன்றுமாக வைத்தால் இணைப்பே கிடைக்காது. வாங்கும் ஐமேப் பக்கத்துக்கு 993, எஸ்எஸ்எல். பயனர் பெயரில் முழு முகவரியையும் போடுங்கள். அந்தக் காலத்தில் @ குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் போட்ட அமைப்புகள் இன்னும் சில கணினிகளில் அப்படியே கிடக்கின்றன.

இதெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையா? அப்படியானால் நீங்கள் எதையும் மாற்றாமலேயே விதி மாறியிருக்கும். "நேத்து வரைக்கும் ஓடிச்சே!" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

முன்பெல்லாம் மெயில் நிரல் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே சர்வருக்குக் கொடுக்கும். இப்போது பெரிய நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. அவர்களுடைய சொந்தப் பக்கத்தை ஒரு சிறு ஜன்னலில் திறந்து, அங்கே உங்களை நுழையச் சொல்லி, நிரலுக்கு ஒரு அனுமதிச் சீட்டு தருகிறார்கள். இதற்குப் பெயர் ஓஆத்2. நிரலின் கைக்கு பாஸ்வேர்டே போகாது. கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 அன்று நிறுத்தியது.

தண்டர்பேர்டில் இதைச் சரிசெய்வது சுலபம். கணக்கு அமைப்புகளில் பாராமேத்ர் செர்வேர் (சர்வர் அமைப்புகள்) பக்கத்துக்குப் போங்கள். மெத்தோத் தோத்தந்திஃபிகாசியோன் (அடையாளம் சரிபார்க்கும் முறை) என்ற இடத்தில் சாதாரண பாஸ்வேர்டு என்று இருப்பதை ஓஆத்2 என்று மாற்றுங்கள். அனுப்பும் சர்வரிலும் இதையே செய்ய வேண்டும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள், ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். பிறகு அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறந்து, அந்தக் கணக்கின் பழைய வரிகளை நீக்குங்கள். நீக்காவிட்டால் நிரல் பழையதையே எடுத்து நீட்டும். நிரலை மூடித் திறந்ததும் கூகுளின் ஜன்னல் வரும். நுழைந்து அனுமதி கொடுத்தால் முடிந்தது. ஜன்னல் வெற்றாக நின்றால், அதே தனியுரிமைப் பகுதியில் குக்கீகளை (வலைப்பக்கங்கள் நம் கணினியில் வைக்கும் சிறு குறிப்புகளை) ஏற்கும் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்டுக்கும் குக்கீ வேண்டும் என்று எனக்குப் புரியவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

அவுட்லுக் 2010 மாதிரிப் பழசு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது, அதற்கு ஓஆத்2 தெரியாது. ஜிமெயில் என்றால் ஒரு மாற்று உண்டு: ஆப் பாஸ்வேர்டு, அதாவது அந்த நிரலுக்கென்றே உருவாக்கும் தனி பாஸ்வேர்டு. பிரெஞ்சில் மோ தெ பாஸ் தப்ளிகாசியோன். முதலில் கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறையை, இயக்க வேண்டும். இயக்காதவர்களுக்கு அந்த வசதியே கிடைக்காது. பிறகு உருவாக்கினால் 16 எழுத்துகள் வரும், ஒரே ஒரு முறைதான் திரையில் காட்டும். அதை அவுட்லுக்கில் பாஸ்வேர்டு இடத்தில் ஒட்டுங்கள். நடுவில் தெரியும் இடைவெளிகள் வேண்டாம். யாஹூவிலும் இதேபோல உருவாக்கிக்கொள்ளலாம். இன்னொன்று: கூகுள் கணக்கின் முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். தலைப்பில் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது புரிகிறதா?

ஹாட்மெயிலுக்கு இந்தக் குறுக்கு வழியும் இல்லை. பழைய அவுட்லுக்கை விட்டுவிட்டுப் புதிய நிரலுக்கோ தண்டர்பேர்டுக்கோ போவதுதான் வழி. "நான் காசு குடுத்து வாங்கினதாச்சே" என்று வாதாடுகிற மாமா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவருடைய கோபம் நியாயம்தான், ஆனால் சர்வரிடம் செல்லாது.

இனி நம் தீவுக்கே உரிய சில தொல்லைகள். முதலாவது விசைப்பலகை. புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போனவர்கள் அங்கிருந்து குவெர்ட்டி, அதாவது ஆங்கில விசைப்பலகை உள்ள, மடிக்கணினி வாங்கி வருகிறார்கள். இங்கே எல்லாம் பிரெஞ்சு விசைப்பலகையான அசெர்ட்டி. ஏ இருக்கும் இடத்தில் கியூ, இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூ. அசெர்ட்டியில் எண் அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆம்பர்சண்டும் உச்சக்குறி எழுத்தும்தான் விழும். பாஸ்வேர்டுப் பெட்டியில் வெறும் கறுப்புப் புள்ளிகள்தானே தெரிகின்றன, தப்பாக அடிப்பது யாருக்குத் தெரியும்? பிரவுசரில் பாஸ்வேர்டு சேமித்திருப்பதால் வெப்மெயில் மட்டும் திறந்துவிடும். அதனால் பாஸ்வேர்டை முதலில் நோட்பேடில் அடித்துக் கண்ணால் பாருங்கள், பிறகு வெட்டி ஒட்டுங்கள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் விசைப்பலகை மொழி மாறும். பாஸ்வேர்டில் உச்சக்குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகளையும் வைக்காதீர்கள். வெப்மெயில் ஏற்கும், பழைய நிரல்கள் தடுமாறும்.

அடுத்தது போன் எண். பிரான்சில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களின் கணக்கில் அங்கே வைத்திருந்த பழைய எண்ணே இருக்கும். சரிபார்ப்புக் குறியீடு அந்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். வெப்மெயிலில் நுழைய முடிகிற நாளிலேயே அதை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நாட்டுப் பட்டியலில் பிரான்சைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம்முடைய 0692, 0693 எண்களுக்கு முன்னால் வர வேண்டியது 262, பிரான்சின் 33 அல்ல. பட்டியலில் ரெயூனியன் என்று தனியாகவே இருக்கிறது. நாமும் பிரான்ஸ்தானே என்று 33 போட்டுவிட்டு வராத குறுஞ்செய்திக்குக் காத்திருந்தவர்கள் பலர்.

மூன்றாவது கடிகாரம். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் அடித்து மின்சாரம் போனது நினைவிருக்கும். மின்சாரம் திரும்பியபோது கோயில் அலுவலகத்தின் மேசைக் கணினி தேதியை மறந்து பல வருஷம் பின்னால் போயிருந்தது. உள்ளே இருக்கும் காசு மாதிரி மின்கலம், சிஆர்2032, செத்துப்போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று நிரல் நினைத்து இணைப்பை மறுக்கும். ஒரு மின்கலம் வாங்கிப் போட்டதும் சரியானது. இன்னும் சிலர் நேர மண்டலத்தைப் பாரிஸ் என்று விட்டுவிட்டு, முள்ளை மட்டும் கையால் நம் நேரத்துக்குத் திருப்பி வைப்பார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும். உள்ளே கணினி, கோடையானால் இரண்டு மணி நேரமும் குளிர்காலமானால் மூன்று மணி நேரமும் முந்திக்கொண்டிருக்கும். கோடை, குளிர் என்றது பாரிஸ் கணக்கில். இரண்டு படிச் சரிபார்ப்புக்காக முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் குறியீடுகளை அந்தக் கணினியிலேயே உருவாக்கினால் ஒன்றுகூட ஒத்துவராது. மண்டலத்தை நம்முடைய நேரத்துக்கு, யுடிசி கூட்டல் 4, மாற்றிவிட்டு மீதியைக் கணினியிடம் விடுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றவே வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. வெப்மெயிலே திறக்காதபோது, அல்லது நீங்கள் போகாத ஊரிலிருந்து யாரோ நுழைந்ததாகத் தகவல் வரும்போது, தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கணக்கு இருக்கும் எல்லாச் சாதனங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாவற்றிலும் மெயில் நிரலை மூடுங்கள், போனை விமானப் பயன்முறைக்குக் கொண்டுபோங்கள். வெப்மெயிலில் மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, புதியதைக் கொடுத்து, தனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தாளில் எழுதும்போது பழைய சாதனங்களை மறக்க வேண்டாம். எங்கள் கணக்கு அந்தத் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டதற்குக் காரணம், தலைவர் அண்ணன் வீட்டு அலமாரிக்குள் சார்ஜில் கிடந்த ஒரு டேப்லெட். அதைக் கண்டுபிடித்தது மூன்றாம் நாள், அவருடைய பேத்தி.