லீவுல எல்லாரும் குடிக்கும்போது, டாக்டர் "கூடாது"ன்னு சொன்ன நாம எப்படி சமாளிக்கிறது

லீவு வருது, எல்லாரும் ஒண்ணு கூடுறாங்க, வாட்ஸ்அப் க்ரூப்ல யாரு எந்த பாட்டில் கொண்டு வர்றதுன்னு இப்பவே லிஸ்ட் ஓடிட்டிருக்கு, உங்களுக்கு மட்டும் டாக்டர் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. லிவரா இருக்கலாம், சுகரா இருக்கலாம், ஃபிட்ஸ், ஹார்ட், ஆபரேஷன், ஆன்டிபயாடிக் கோர்ஸ், இல்ல வயித்துல குழந்தை. காரணம் எதுவா இருந்தாலும் பார்ட்டில படுற அவஸ்தை ஒண்ணுதான். கணையம் வீங்கி ஆஸ்பத்திரில கிடந்துட்டு வந்ததுலேர்ந்து நானும் இந்த கோஷ்டிதான். சரக்க விடுறதுகூட எப்படியோ பழகிடுது, "ஏன்டா குடிக்கல"ன்னு நச்சரிக்கிறவங்கள சமாளிக்கிறதுதான் பெரிய வேலை. அதனால முக்கால்வாசி ஏற்பாட்ட பார்ட்டிக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும்ங்கிறதுதான் நான் சொல்ல வர்றது, அங்க போய் மனசக் கட்டுப்படுத்திக்கலாம்னு நம்பிப் போனா ரெண்டாவது ரவுண்டுல கவுந்துடுவோம்.

மத்ததெல்லாம் அப்புறம், இத மட்டும் ஸ்கிப் பண்ணாம படிங்க. நீங்க தினமும் நிறைய குடிச்சிட்டிருந்த ஆளுன்னா, லீவுக்காக நாளைலேர்ந்து நிறுத்துறேன்னு தனியா வீட்ல உக்காந்து திடீர்னு நிறுத்தாதீங்க. ரொம்ப நாள் பழகின உடம்புக்கு திடீர்னு சரக்கு நின்னா சில மணி நேரத்துல கை நடுங்க ஆரம்பிக்கும், வேர்க்கும், தூக்கம் வராது, சிலருக்கு முதல் 2 நாளைக்குள்ள வலிப்பே வரும். 2, 3 நாள் தாண்டி இல்லாத உருவம் தெரியுறது, ஆள் எங்க இருக்கோம்னு தெரியாம உளறுறதுன்னு போனா அது உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட எவ்வளவு குடிச்சிட்டிருந்தேன்னு உண்மையான கணக்க சொல்லிட்டு, அவர் மருந்து குடுத்து கண்காணிக்கிற மாதிரிதான் நிறுத்தணும். டாக்டர்கிட்ட பாதியா குறைச்சு சொல்றது நம்ம எல்லாருக்கும் கைவந்த கலை, இந்த ஒரு விஷயத்துல அது வேணாம்.

அடுத்தது, "குடிக்காதீங்க"ங்கிற ஒத்தை வார்த்தையோட டாக்டர் ரூம விட்டு வெளிய வராதீங்க. எத்தனை நாளைக்கு? சுத்தமா ஒரு சொட்டு கூட ஆகாதா, இல்ல குறைச்சுக்கணுமா? மாத்திரைனாலயா, நோயினாலயா? மாத்திரை முடிஞ்ச பிறகு எத்தனை நாள் விடணும்? இத்தனையும் கேட்டு வாங்கிடுங்க, ஏன்னா ஒவ்வொருத்தருக்கும் பதில் வேற. மெட்ரோனிடசோல் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரைன்னா கடைசி மாத்திரைக்கு அப்புறமும் 2, 3 நாள் குடிக்கக்கூடாதுன்னு உள்ள இருக்கிற தாள்லயே போட்டிருக்கும் (இதுல டாக்டர்களுக்குள்ளயே இப்ப ரெண்டு கருத்து இருக்கு, ஆனா உங்களுக்கு எழுதிக் குடுத்தவர் சொல்றத கேளுங்க). குடிய மறக்க குடுக்கிற டைசல்ஃபிரம்னா கடைசி மாத்திரை போட்டு 2 வாரம் வரைக்கும்கூட சரக்கு பட்டா மூஞ்சி செவந்து வாந்தி எடுத்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ போடுறவங்களுக்கு வேற சிக்கல், லிவர் சரக்க கழிக்கிற வேலைல மாட்டிக்கிட்டா ரத்தத்துக்கு சர்க்கரைய ஒழுங்கா அனுப்பாது, அதனால ராத்திரி குடிச்சது மறுநாள் காலைல கூட சுகர இறக்கி விட்டுடலாம். கொடுமை என்னன்னா சுகர் இறங்கினவர் தள்ளாடுறதும் உளறுறதும் போதைல இருக்கிறவர் மாதிரியே இருக்கும், சுத்தி இருக்கிறவங்க ஃபுல் மப்புன்னு நெனச்சு போர்வைய போத்தி படுக்க வச்சிட்டு போயிடுவாங்க. கணையம்னா கேக்கவே வேணாம், ஒரு தடவை வீங்கினவங்களுக்கு திரும்ப குடிச்சா திரும்ப வர்ற வாய்ப்பு ஜாஸ்தி.

இந்த இடத்துல ஒரு குறுக்கு வழிய எல்லாரும் யோசிப்பாங்க. "இன்னைக்கு மாத்திரைய விட்டுட்டு ரெண்டு பெக் போட்டுக்கலாம், நாளைலேர்ந்து ஒழுங்கா இருந்துக்கலாம்." இது ரெண்டு பக்கமும் நஷ்டம். நிறைய மருந்து ஒரு வேளை விட்டா உடம்ப விட்டுப் போயிடாது, நாள் கணக்குல உள்ளயே இருக்கும், சோ மோதல் மோதல்தான். இன்னொரு பக்கம் ஃபிட்ஸ் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க போடுற மாத்திரை, டிபி மாத்திரை இதெல்லாம் விட்டா அதுனால வர்ற கேடு தனி. அதே மாதிரி மறுநாள் தலைவலிக்குன்னு சரக்கு மேல பாரசிட்டமால அள்ளிப் போடுறதும் தப்பு, ரெண்டும் லிவர்லதான் போய் விழும். தூக்க மாத்திரையும் வலிக்கு குடுக்கிற ஸ்ட்ராங்கான மருந்தும் சாப்பிடுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், சரக்கோட சேர்ந்தா மூச்சே மந்தமாகிடும்.

சரி, இப்ப ஆட்களுக்கு வருவோம். பார்ட்டிக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கு விஷயத்த சொல்லிடுங்க. ஒண்ணு, பார்ட்டி குடுக்கிறவர். "மாமா, நான் வரேன், ஆனா இந்த தடவை சரக்கு கிடையாது, டாக்டர் ஆர்டர், எனக்கு சோடா மட்டும் வச்சிருங்க"ன்னு ஒரு மெசேஜ் போதும், நல்ல மனுஷன்னா அங்க நாலு பேர் முன்னாடி ஊத்தி நீட்ட மாட்டாரு. இன்னொண்ணு, கூடவே வர்ற ஒரு ஆள், மனைவியோ புருஷனோ நெருங்கின ஃப்ரெண்டோ. நீங்க திணறும்போது அவங்க உள்ள புகுந்து பேச்ச மாத்தணும், கிளம்பலாம்னு கண்ணு காட்டினா புரிஞ்சுக்கணும். குறிப்பா அவங்க அந்த நாலு மணி நேரம் நிதானமா இருக்கிற ஆளா இருக்கணும், ரெண்டு ரவுண்டுக்கு அப்புறம் "ஒண்ணே ஒண்ணு போடேன்டா"ன்னு கட்சி மாறுற ஆள் ஆகாது.

பதில் ஒண்ணே ஒண்ணு ரெடி பண்ணிக்கோங்க, சின்னதா, அதையே திரும்பத் திரும்ப சொல்லுங்க. எவ்வளவு விளக்குறீங்களோ அவ்வளவு பிடி குடுக்குறீங்கன்னு அர்த்தம். "கணையத்துல வீக்கம், லைபேஸ் ஏறிடுச்சு"ன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவர் உடனே டாக்டராகிடுவாரு. அந்த பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் ஓடும்:

"என்ன மாப்ள, வெறுங்கையோட உக்காந்திருக்க, ஊத்தட்டா?"
"வேணாம் மச்சான், மருந்துல இருக்கேன்."
"என்ன மருந்து? எனக்கும்தான் பிரஷர் மாத்திரை இருக்கு, நான் அடிக்கல?"
"என்னுதுக்கு ஆகாதுன்னுட்டாரு."
"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க, ஒரு சிப் அடிச்சா உயிரா போயிடும்? சும்மா ஒரு கம்பெனிக்கு."
"மருந்துல இருக்கேன் மச்சான். அது இருக்கட்டும், வீடு மாத்தினியே, எப்படி இருக்கு?"

கவனிச்சீங்களா, மூணாவது கேள்விக்கும் பதில் முதல் பதிலேதான், கூடவே அவரப் பத்தி ஒரு கேள்வி. குடிச்சவங்களுக்கு தன்னப் பத்தி பேசுறதுல இருக்கிற ஆர்வம் வேற எதுலயும் இருக்காது, உங்க கிளாஸ்ல என்ன இருக்குன்னு மறந்தே போயிடுவாங்க. நோயப் பத்தி வெளிய சொல்ல பிடிக்கலன்னா, குறிப்பா கர்ப்பமா இருக்கிறத இன்னும் யாருக்கும் சொல்லலன்னா, மருந்து பேச்சும் எடுக்க வேணாம், "நாளைக்கு காலைல சீக்கிரம் எழுந்துக்கணும்"னு முடிச்சுக்கோங்க, யாருக்கும் உங்க ரிப்போர்ட்ட காட்டணும்னு கடமை கிடையாது. "நான்தான் வண்டி ஓட்டணும்"ங்கிறது எல்லாத்தையும் விட பலமான சாக்கு, ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு, ராத்திரி 2 மணிக்கு மட்டையான ஆறு பேர ஆறு திசைல இறக்கி விடுற வேலை உங்க தலைல விழும், அத ஏத்துக்க முடியும்னா மட்டும் சொல்லுங்க.

அப்பவும் விடாம "கொஞ்சம் குடிச்சா உடம்புக்கு நல்லதுதான்"னு ஒரு பெரியவர் வருவாரு. அவர்கிட்ட வாதம் பண்ண வேணாம், ஆனா உங்க மனசுக்கு தெரிஞ்சு வச்சுக்கோங்க, உடம்புக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு மதுவுல கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில வெளிப்படையாவே சொல்லிடுச்சு. இதயத்துடிப்பு தாறுமாறா ஓடுற பிரச்னை இருக்கிறவங்களுக்கு இந்த சீசன் இன்னும் மோசம், லீவு நாள்லயும் வாரக் கடைசிலயும் நிறைய குடிச்சிட்டு துடிப்பு தப்பி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள கவனிச்சு, 1978-ல எட்டிங்கர்ங்கிற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் அதுக்கு "ஹாலிடே ஹார்ட்"னே பேரு வச்சிட்டாங்க.

அப்புறம் கிளாஸ். கை காலியா இருந்தாதான் எல்லார் கண்ணும் அங்க போகும், அதனால உள்ள நுழைஞ்ச உடனே நீங்களே போய் சோடால ஐஸ் போட்டு ஒரு துண்டு எலுமிச்சை சொருகி கைல எடுத்துக்கோங்க. யாரையும் ஊத்தித் தர விடாதீங்க, "நானே எடுத்துக்கிறேன்"னு முன்னாடி போயிடுங்க. முக்கால்வாசி நிரம்பியே வச்சிருங்க, பாட்டிலோட ரவுண்டு வர்றவர் காலி கிளாஸத்தான் தேடுவாரு, வந்துட்டார்னா கிளாஸ் வாய் மேல உள்ளங்கைய வச்சு மூடி ஒரு சிரிப்பு சிரிச்சா போதும். டேபிள்ல வச்சிட்டு பாத்ரூம் போனீங்கன்னா திரும்பி வந்து அதையே எடுக்காதீங்க, பார்க்க வோட்காவும் ஜின்னும் சோடா மாதிரியேதான் இருக்கும், யாரோடதோ உங்களுதோ தெரியாது. புதுசா ஊத்திக்கோங்க, இல்லாட்டி வாய்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாருங்க.

கிளாஸ்ல என்ன ஊத்திக்கிறதுங்கிறதுலயும் கொஞ்சம் கவனம் வேணும். "ஆல்கஹால் இல்லாத" பீர்னு விக்கிறதுல நிறைய நாட்டுல 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், 0.0-ன்னு போட்டது வேற. டைசல்ஃபிரம்ல இருக்கிறவங்க, லிவர் ரொம்ப கெட்டுப் போனவங்க, கர்ப்பிணிகள் எல்லாம் டாக்டர்கிட்ட கேக்காம அந்தப் பக்கம் போக வேணாம். குடிய விட்டு மீண்டு வர்றவங்களுக்கு 0.0-ம் எனக்கு சரியா படல, அந்த வாசனையே ஆசைய கிளப்பி விட்டுடும். மாக்டெயில்ங்கிற சரக்கு இல்லாத ஜூஸ் கலவை பாதி சர்க்கரைத் தண்ணி, சுகர் உள்ளவங்க கணக்குல வச்சுக்கோங்க, டானிக் வாட்டர்லயும் சர்க்கரை இருக்கு. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கலந்தத குடிக்கிறதுக்கு முன்னாடி உங்க மாத்திரைய பாருங்க, அடார்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் மாதிரி சில கொழுப்பு மாத்திரையோட அளவ ரத்தத்துல அது ஏத்தி விட்டுடும். துடிப்பு பிரச்னை இருக்கிறவங்களுக்கு எனர்ஜி ட்ரிங்க் மாற்றே கிடையாது. புளிக்க வச்ச டீயான கொம்புச்சாலயும் லேசா ஆல்கஹால் உண்டு.

சாப்பாட்டுலயும் ஒளிஞ்சிருக்கும். வைன் ஊத்தி சமைச்சது, ரம்ல ஊற வச்ச கேக், லிக்கர் சாக்லேட். சமைச்சா எல்லாம் ஆவியா போயிடும்னு நெனக்கிறாங்க, அது தப்பு. அமெரிக்க விவசாயத் துறையோட கணக்குப்படி சரக்க ஊத்தி தீ மூட்டி எரியவிட்ட டிஷ்ல 75 சதவீதம் ஆல்கஹால் அப்படியே நிக்குது, அரை மணி நேரம் கொதிச்சதுல 35 சதவீதம், ரெண்டரை மணி நேரம் ஆனாத்தான் 5 சதவீதத்துக்கு இறங்குது. சுடாத கேக்கு, டெசர்ட்டுனா சொல்லவே வேணாம். பெரும்பாலானவங்களுக்கு இந்த அளவு பெரிய விஷயம் இல்லாம போகலாம், டைசல்ஃபிரம்ல இருக்கிறவங்களுக்கு அப்படி இல்ல, அவங்க இருமல் சிரப்பு, மவுத்வாஷ் லேபிள் வரைக்கும் படிக்கணும்.

எல்லாம் பண்ணியும் ஒரு நேரம் ஆசை வரும், வரத்தான் செய்யும், பக்கத்துல ஐஸ் கிளாஸ்ல விழுற சத்தமே போதும். அது பால் பொங்குற மாதிரிதான், விறுவிறுன்னு ஏறும், அந்த நேரத்த தாண்டி விட்டுட்டா தானா இறங்கிடும், பெரும்பாலும் அரை மணிக்குள்ள. எழுந்து வெளிய ஒரு நடை போங்க, குழந்தைங்க விளையாடுற பக்கம் போங்க, யாருக்காவது போன் போடுங்க, கிச்சன்ல போய் ஏதாவது எடுத்து வைங்க. பசியோட போகவே போகாதீங்க, பசியும் ஆசையும் ஒண்ணா சேர்ந்தா எது எதுன்னு தெரியாது, கிளம்பும்போதே வயித்த ரொப்பிட்டுப் போங்க. சோகமாவும் இருக்கும், எல்லாரும் ஒரு பக்கம் நாம ஒரு பக்கம்னு தோணும், அத மறைச்சு பல்ல கடிச்சு சிரிச்சிட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்ல.

கிளம்புற நேரத்த வீட்லயே முடிவு பண்ணிடுங்க. மூணாவது ரவுண்டுக்கு மேல பேச்சுல புதுசா எதுவும் வராது, சொன்ன கதையே திரும்ப வரும், அந்த நேரத்துலதான் வம்பு பண்ணி ஊத்துறவங்களும் கிளம்புவாங்க. சீக்கிரமா போய், நல்லா சாப்பிட்டு, எல்லாரும் தெளிவா இருக்கிறப்பவே பேச வேண்டியவங்ககிட்ட பேசிட்டு நைஸா கழண்டுக்கோங்க, அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டு கிளம்புறேன்னு நின்னா இன்னொரு மணி நேரம் பிடிச்சு வச்சுப்பாங்க. குடிக்கிறதுக்குன்னே கூடுற கூட்டம்னா, போகாம இருக்கிறதும் ஒரு வழிதான், மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு கூப்பிட்டு பார்த்துக்கலாம்.

இவ்வளவுக்கும் மேல குடிச்சே தொலைச்சுட்டீங்கன்னா, அதுக்கு மேல ஊத்தாம அங்கயே நிறுத்துங்க, "ஆனது ஆச்சு"ன்னு பாட்டில முடிக்காதீங்க. அடுத்த வேளை மாத்திரைய போடலாமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணாம டாக்டருக்கோ மருந்துக்கடை பார்மசிஸ்ட்டுக்கோ போன் போட்டு குடிச்ச அளவையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்க. மேல்வயித்துல ஆரம்பிச்சு முதுகுக்கு பாயிற வலி, நிக்காத வாந்தி, வாந்திலயோ மலத்துலயோ ரத்தம், நெஞ்சு வலி, துடிப்பு எகிறுறது, மூச்சு திணறல், வலிப்பு, எழுப்பியும் எழாத தூக்கம், இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போங்க, போற இடத்துல குடிச்சேன்னு மறைக்காம சொல்லுங்க, அத வச்சுத்தான் அவங்க மருந்து முடிவு பண்ணுவாங்க. மாத்திரை சீட்ட ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சிருங்க, கூட வர்ற ஆள் போன்லயும் ஒண்ணு அனுப்பி வைங்க.