ஃப்யூஷன் கடைக்குப் பெயர் வைப்பது எப்படி? ஒரு தட்டு அத்தோவை வைத்துப் பார்ப்போம்

இரண்டு ஊர்ச் சமையலைக் கலந்து ஃப்யூஷன் ஹோட்டல் ஆரம்பிக்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "ஒரு நல்ல பேரா சொல்லுங்க" என்பதுதான். பெயர் கடைசியில் வரட்டும். என்ன விற்கப் போகிறோம், அதை யார் எதற்காகக் கலந்தார்கள் என்பது தெரியாமல் பெயர் யோசித்தால் ஸ்பைஸ், ஃப்ளேவர், கிச்சன் என்று எங்கும் இருக்கிற வார்த்தைகள்தான் வந்து விழும்.

உதாரணத்துக்கு, சென்னைப் புறநகரில் பர்மா–தமிழ்ச் சாப்பாட்டுக்கடை ஒன்று போடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: இரண்டு சமையலும் எங்கே சந்தித்தன?

1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1964-ல் வியாபாரங்கள் நாட்டுடைமையாயின, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் ஏராளமான பேர் கையில் கிடைத்ததோடு கப்பலேறித் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்கள் கடை போட, 1969-ல் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா பஜார் வந்தது. அந்த வட்டாரத் தள்ளுவண்டிகளில்தான் இன்றும் நல்ல அத்தோ கிடைக்கிறது. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் பிசைந்த உணவு, அது நம் வாயில் அத்தோ ஆகிவிட்டது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டை. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் தள்ளுவார்கள், பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

இந்த மாதிரி ஒரு காரணம் உங்கள் கலவைக்கும் இருக்க வேண்டும். கப்பல்கதைதான் வேண்டுமென்பதில்லை, உங்கள் பாட்டி சமையலும் மனைவி வீட்டுச் சமையலும் ஒரே அடுப்பில் சேர்ந்த கதையாகக்கூட இருக்கலாம். காரணமே இல்லாத பீட்சா தோசைக்கு ஆறு மாதத்துக்கு மேல் கூட்டம் வராது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் படி: ஒரே வரியில் எழுதுங்கள்

"பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கையால் பிசைந்து கொடுத்த வண்டிச் சாப்பாடு, இப்போது உட்கார்ந்து சாப்பிட." அவ்வளவுதான். இந்த வரிக்குள் வராததை மெனுவில் சேர்க்காதீர்கள். பனீர் பட்டர் மசாலா கேட்டு யாராவது வருவார்கள், பரவாயில்லை, போகட்டும்.

மூன்றாம் படி: பெயர்

ஒரு நோட்டை எடுத்து, கதையில் வருகிற சொற்களை எல்லாம் எழுதுங்கள். எழுதும்போதே நல்லது கெட்டது பார்க்காதீர்கள். ரங்கூன், பேஜோ, வாழைத்தண்டு, கப்பல், பிசை, துறைமுகம், புளித்தண்ணீர். அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

நான் முதலில் செய்வது 'க்கு' சோதனை. பெயரோடு 'க்கு' சேர்த்து, "சாயங்காலம் ____க்குப் போலாமா?" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'தி ரங்கூன் ஃப்யூஷன் கிச்சன்' அங்கேயே மூச்சு வாங்கும். அடுத்தது போன் சோதனை: நண்பரிடம் போனில் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, ஆங்கில எழுத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வாழைத்தண்டு இதில் தோற்கும், ஏனென்றால் ழ-வை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், டெலிவரி ஆப்பில் தேடுகிறவருக்கு உங்கள் கடை அகப்படாது. பேஜோ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, சின்னப் பெயர், வாயில் நொறுங்குகிறது. ஆனால் காதில் பெஜோ (Peugeot) என்கிற பிரெஞ்சுக் கார் கம்பெனி மாதிரி விழுகிறதே!

கப்பலை விட மனமில்லாமல் மரத்தடி, ஆற்றடி என்று உருட்டிக்கொண்டிருந்தபோது 'கப்பலடி' வந்தது. "கப்பலடிக்குப் போலாமா?" சரியாக இருக்கிறது. ஒரு ப்-பா இரண்டு ப்-பா என்ற குழப்பம் ஆங்கிலத்தில் வரும், அதனால் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் இன்ஸ்டா கணக்கும் டொமைனும் எடுத்து வைத்துவிடலாம்.

நான்காம் படி: வேறு யாரிடமாவது இருக்கிறதா?

தெரிந்த ஒருவர் போர்டு, மெனு கார்டு, டி-ஷர்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு, அதே பெயரை ஏற்கெனவே பதிவு செய்திருந்தவரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எல்லாம் எடைக்குப் போனது. அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள், இலவசம்தான். அங்கே தொழில்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள், உணவகங்களுக்கு வகுப்பு 43. எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் சிக்கல்தான், அதனால் ஒலியை வைத்தும் தேடுங்கள். வெறும் 'பர்மா அத்தோ கடை' என்று வைத்தால் பதிவு கிடைப்பது கஷ்டம், ஊர்ப் பெயரும் பண்டத்தின் பெயரும் எல்லோருக்கும் பொது. பதிவு கிடைத்தால் 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம்.

ஐந்தாம் படி: போர்டும் தோற்றமும்

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே டிசைனரிடம் தமிழ் எழுத்தையே முதலில் வரையச் சொல்லுங்கள். பலர் ஆங்கில லோகோவை முடித்துவிட்டு ஓரத்தில் தமிழை ஒட்டுகிறார்கள், பார்த்தாலே தெரிந்துவிடும். மூங்கில் மாதிரி வளைந்த எழுத்து, புத்தர் தலை, பர்மியப் புத்தர் கோயில் கோபுரம், மூன்றும் வேண்டாம். அந்த நூடுல்ஸின் ஆரஞ்சு ஒன்றே போதும். பிசைகிற மேசையைச் சமையலறைக்குள் ஒளிக்காமல் வாசலிலேயே போடுங்கள், வண்டிக்காரரைச் சுற்றிக் கூட்டம் நிற்பதே அந்தக் கையைப் பார்க்கத்தானே.

பெயர் முடிவானதும் ஒரு வாரம் ஆறப்போடுங்கள். எட்டாவது நாளும் கூச்சமில்லாமல் சொல்ல வந்தால் போர்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.