கீஹோல் முதுகு ஆபரேஷனா? நெஞ்சை முதலில் பாருங்கள்

"சின்னத் துளைதான், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னதும் குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பாதி பயம் போய்விட்டது. காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டிய அப்பாவுக்கு இடுப்பு டிஸ்க் பிதுங்கியிருந்தது. துளை சின்னதுதான், ஆனால் முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் போட்டால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பெரிய வேலை என்று மயக்க டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

குப்புறக் கிடக்கும்போது வயிறு மேசையில் அழுந்தினால், கீழிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை நசுங்கும், பிரஷர் இறங்கும், நுரையீரல் விரிய இடம் போதாது. திரும்ப வழியில்லாத ரத்தம் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரைகளில் தேங்கி ஆபரேஷன் செய்யும் இடத்திலேயே கசிவும் கூடும். அதனால்தான் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தாங்கல் கொடுத்து வயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். சில எண்டோஸ்கோப் ஆபரேஷன்களை மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே செய்யலாம். நெஞ்சு பலவீனமானவர்கள் தங்களுக்கு அது ஒத்துவருமா என்று தாராளமாகக் கேளுங்கள்.

தேதி குறித்த அன்றே நெஞ்சைத் தயார்படுத்தும் வேலையைத் தொடங்குங்கள். இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்று டாக்டர் கேட்பார். முதுகுவலிக்காரருக்கு இதில் ஒரு சிக்கல்: வலியால் நடப்பதே இல்லை, அதனால் மூச்சு வாங்குவதும் வெளியே தெரிவதில்லை. அப்பா ஜங்ஷன் வரைகூடப் போகாமல் இருந்தார், எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த பிறகுதான் இதயத்தின் நிலைமை புரிந்தது. ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதென்றால், பக்கத்தில் படுப்பவர்தான் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைத்தவர்களுக்கு அவசரமில்லாத ஆபரேஷனைப் பொதுவாக 6 மாதமாவது தள்ளிப்போடுவார்கள், ஹார்ட் அட்டாக் வந்து வைத்தது என்றால் ஒரு வருஷம். கால் தளர்ந்துபோவது, சிறுநீர் அடைப்பது என்று வந்துவிட்டால் கணக்கே வேறு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள், இதய டாக்டர் சொல்லட்டும்.

அப்புறம், வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நம்ம ஊரில் வர்ம ஆசான் தந்த கஷாயம், லேகியம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாம் இருக்கும். அதில் ஸ்டீராய்டு நாள்பட ஓடியிருந்தால் மயக்கத்தில் பிரஷர் திடீரென விழலாம், அதனால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், கேட்டு வையுங்கள்.

பீடியை 4 வாரம் முன்பே விட்டால் நல்ல பலன். முடியாமல் போனாலும் முந்தின நாளாவது தொடாதீர்கள், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அதற்குள்ளேயே குறையும்.

ஆபரேஷன் அன்று கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) 2 மணி நேரம் முன்பு வரை பெரும்பாலும் குடிக்கலாம், ஆனால் பால் சாயா சாப்பாட்டுக் கணக்கு, அதற்கு 6 மணி நேரம். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் பெரிய ஆபத்து.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்கூட்டியே வாங்கிப் பழகுங்கள். அப்பா முதல் நாள் பலூன் ஊதுவதுபோல் ஊதினார், பந்து அசையவே இல்லை. ஊதக் கூடாது, குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலே சில விநாடி நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை.

திருவனந்தபுரத்தில் செய்துகொண்டு காரில் திரும்புகிறவர்கள் களியக்காவிளை பக்கம் நிறுத்தி நாலு எட்டு நடங்கள். கெண்டைக்காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதுதான் பயம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்; திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.