'அடி'ன்னா எந்த அடி? தமிழ் கத்துக்கிறவங்களுக்கு ஒரு செய்முறை

எழுத்து படிக்க வருது, கடையில பேரம் பேச வருது, ஆனா 'அடி' வந்தா மட்டும் முழிக்கிறீங்களா? கூட வேலை பாக்குற பாட்னாக்காரத் தம்பிக்கு சொல்லிக் குடுத்தப்போ கைகொடுத்த முறை இது. காலம், வேற்றுமை எல்லாம் ஓரளவு தெரியும்னு வெச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

ஸ்டெப் 1: பெயரா வினையான்னு பாருங்க

அடிக்குது, அடிச்சான், அடிக்கப் போறேன்னு வால் இருந்தா வினை. மொட்டையா நின்னா பெரும்பாலும் பெயர் ('பெல் அடி'ன்னு ஏவுறது தவிர). பெயர்ல பாதி கீழ்ப்பக்கத்தைச் சொல்றதுதான்: மரத்தடி, அடிவயிறு, பால் அடிபிடிச்சுடுச்சு. மீதி, வாங்குற அடி, அளக்குற அடி, செய்யுள் அடி. கடைசி ரெண்டும் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையில ஒண்ணா வருது பாருங்க. ரெண்டு அடிக் குறள் எழுதினவருக்கு 133 அடியில சிலை, 133 அதிகாரத்துக்காக. அதுலயும் பீடம் 38 அடி, அது அறத்துப்பால், மேல நிக்கிற உருவம் 95 அடி, அது பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு.

ஸ்டெப் 2: முன்னாடி நிக்கிற சொல்லோட சேத்தே மனப்பாடம் பண்ணுங்க

பெயிண்ட் அடி, போன் அடி, காப்பி அடி, அரட்டை அடி, ஜால்ரா அடி, கண் அடி. இதுல 'அடி'யை மட்டும் பிச்சு எடுத்து மொழிபெயர்த்தா ஒண்ணும் தேறாது. இந்திக்காரங்களுக்கு இது சுலபம், அவங்க 'மார்னா'வும் இதே வேலையைத்தான் பண்ணுது, கண் அடிக்கிறதுக்கு ஆங்க் மார்னா, அரட்டை அடிக்கிறதுக்கு கப் மார்னான்னு.

ஸ்டெப் 3: ஆளுக்கு 'ஐ'யா 'கு'வா

தம்பி மாட்டிக்கிட்டது இங்கதான், அதனால கொஞ்சம் மெதுவா போவோம். "என்னை அடிச்சான்", இதுல வலி உண்டு. "எனக்கு காய்ச்சல் அடிக்குது", "எனக்கு போர் அடிக்குது", "அவனுக்கு லாட்டரி அடிச்சுது", இதுல யாரும் யாரையும் தொடவே இல்ல, காய்ச்சலும் போரும்தான் எழுவாய், அனுபவிக்கிற ஆளுக்கு 'கு' போடுறோம். தம்பி "என்னை போர் அடிக்குது"ன்னு சொல்லிட்டே இருந்தாரு. 'ஐ'யை எடுத்துட்டு 'கு' வைங்கன்னு பத்து வாக்கியம் எழுத வெச்சதும் சரியாயிடுச்சு. வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, நாத்தம் அடிக்குது, இதுக்கெல்லாம் ஆளே வேண்டாம்.

ஒரே ஒரு இடத்துல இந்த விதி கைவிட்டுடும். "தண்ணி அடிக்கப் போறேன்." காலையில குடத்தோட தெருமுனை அடிபம்புக்குப் போறவரும் இதைத்தான் சொல்லுவாரு, சனிக்கிழமை சாயங்காலம் ரூம்ல இருந்து கிளம்புறவரும் இதைத்தான் சொல்லுவாரு. கையில குடம் இருக்கான்னு பாத்துக்கோங்க, வேற வழி இல்ல.

எதை வெச்சுப் படிக்கிறது?

மொழிபெயர்ப்பு ஆப் வேண்டவே வேண்டாம்னு சொல்லுவேன். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வாங்கிடுங்க, 1992ல முதல் பதிப்பு, 2020ல புதுப் பதிப்பு வந்துச்சு, அர்த்தத்தோட எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் பழைய பாட்டு படிக்கிறவங்களுக்கு சரி, ஆரம்பத்துலயே அதுல இறங்காதீங்க.

பின்சேர்க்கை: படிச்சவங்க சிலர் 'அடிபடு' பத்தி கேட்டிருக்காங்க. "அவருக்கு அடிபட்டுடுச்சு"ன்னா காயம். "அவர் பேரும் அடிபடுது"ன்னா பதவிக்கோ வழக்குலயோ பேரு பேசப்படுது, ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோட ஓட வேண்டாம். 'அடிக்கடி'யை உடைச்சுப் பாக்காதீங்க, அப்படியே வெச்சுக்கோங்க.

இன்னொருத்தர் 'அடியே'யை எங்க பயன்படுத்தலாம்னு கேட்டிருக்காரு. உங்களை 'டா' போட்டுக் கூப்பிடுற அளவுக்கு நெருக்கமான தோழிகிட்ட வேணும்னா, ஆபீஸ்ல மேனேஜரம்மாகிட்ட வேண்டாம்.