பழைய பைக்ல இடுக்குல இருக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழட்ட எந்த ஸ்பேனர் வாங்கணும்

பிளக் ஸ்பேனர் வாங்கப் போறவங்க கடைல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், எத்தன எம்எம்னு. பழைய பைக்குக்கு அது பத்தாது. ஸ்பேனரோட சுவர் எவ்ளோ தடிமன், பிளக்குக்கு மேல டேங்க் வரைக்கும் எவ்ளோ இடம் இருக்கு, இந்த ரெண்டையும் பாக்காம வாங்கினா சைஸ் கரெக்டா இருந்தும் டூல் உள்ளயே போகாது, போனாலும் திருப்ப முடியாது.

1969ல வந்த ஹோண்டா சிபி750 நல்ல உதாரணம். நாலு சிலிண்டரும் குறுக்க வரிசையா நிக்கும், ஓரத்துல இருக்கிற 1, 4 ரெண்டும் பிரச்சனையே இல்ல, நடுவுல இருக்கிற 2ம் 3ம்தான் படுத்தும், மேல டேங்க், ஃப்ரேம் பைப், ரெண்டு பக்கமும் என்ஜின் சூடு ஆற வச்சிருக்கிற ஃபின் தகடுன்னு கை நுழையவே இடம் இருக்காது. போதாக்குறைக்கு அதுல வர்ற பிளக் என்ஜிகே கம்பெனியோட டி8இஏ மாதிரி டி வரிசை, அதோட ஹெக்ஸ், அதாவது ஸ்பேனர் பிடிக்கிற ஆறு மூலை பகுதி, 18 எம்எம். நம்ம ஊர் கடைல சாதாரணமா தொங்குறது 16ம் 21ம்தான். 18 கேட்டா 19 எடுத்துக் குடுத்து "இதுவே போதும் சார்"னு சொல்லுவாங்க, வாங்கிடாதீங்க, லேசா டைட்டா இருக்கிற பிளக்கா இருந்தா மொனை மழுங்கிடும், அப்புறம் அந்த இடுக்குல வேற எதையும் வச்சுப் பிடிக்க முடியாது.

சைஸ் தெரிய பைக்கைப் பிரிக்க வேண்டாம், பிளக் நம்பர் போதும். என்ஜிகேல முதல் எழுத்து 'பி'ன்னா மரை 14 எம்எம், ஹெக்ஸ் 20.8, அதத்தான் 21னு சொல்றோம், யமஹா ஆர்டி350ல போடுற பி8எச்எஸ் இந்த ரகம். 'சி'ன்னா மரை 10, ஹெக்ஸ் 16, ஹோண்டா கப் மாதிரி சின்ன ஃபோர் ஸ்ட்ரோக்ல வர்ற சி7எச்எஸ்ஏ. 'டி'ன்னா மரை 12, ஹெக்ஸ் 18. 'பி'ங்கிற எழுத்துக்கு அப்புறம் 'சி'யோ 'கே'யோ இருந்தா மரை 14தான் ஆனா ஹெக்ஸ் 16, அத மட்டும் கவனிங்க. முன்னாடி யாராவது வேற பிளக் மாட்டி வச்சிருக்கலாம், அதனால உள்ள இருக்கிறத ஒரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போறது நல்லது.

அடுத்து இடம். பிளக்கைச் சுத்தி ஹெட்ல இருக்கிற குழியோட அகலத்த வெர்னியர்ல அளந்து எழுதிக்கோங்க, கடைல சாக்கெட்டோட, அதாவது கைப்பிடில மாட்டித் திருப்புற கப் மாதிரி ஸ்பேனரோட, வெளி விட்டத்த அதோட ஒப்பிட்டுப் பாருங்க. கார் வேலைக்குன்னு வர்ற பளபள சாக்கெட் பல நேரம் சுவர் தடிமனா இருக்கும், ஃபின்ல இடிச்சு நிக்கும், ஃபின்ன ராவி இடம் பண்ணலாம்னு மட்டும் யோசிக்காதீங்க. அப்புறம் டேங்க் மாட்டியிருக்கும்போதே பிளக் தலைலருந்து டேங்க் அடி வரைக்கும் ஒரு ஸ்கேல் விட்டுப் பாருங்க. பிளக் சாக்கெட் மட்டுமே சுமார் 65 எம்எம் நீளம், அதத் திருப்ப முன்னும் பின்னும் ஆட்டுற கைப்பிடியான ராட்செட்டோட தலை அதுக்கு மேல ஒரு 30, இது ரெண்டும் அடங்கலன்னா ராட்செட்ட மறந்துடுங்க.

என்னக் கேட்டா இந்த மாதிரி பைக்குக்கு முதல்ல வாங்க வேண்டியது மெல்லிசு குழாய் மாதிரி இருக்கிற பாக்ஸ் ஸ்பேனர், பைக்கோட டூல் கிட்ல வந்த ஒரிஜினல் கிடைச்சா இன்னும் நல்லது. பாக்க ஒண்ணுமில்லாத பொருளாத்தான் இருக்கும், ஆனா அந்த இடுக்குக்குன்னே செஞ்சது. மேல் பக்கம் ஓட்டை மட்டும் இருந்தா கம்பி விட்டுத் திருப்பணும், ஃப்ரேம் இடிக்கிற இடத்துல கம்பி கால் சுத்து கூட சுத்தாது, அதனால மேல் முனையும் ஹெக்ஸா இருக்கிறதப் பாத்து வாங்கினா ரிங் ஸ்பேனர் போட்டு கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக்கலாம். வாயத் திருப்பி உள்ள பாருங்க, ஆறு மூலையும் கூர்மையா இருக்கணும், மட்டமான தகடா இருந்தா ரெண்டு தடவ இறுக்கினதும் வாய் விரிஞ்சிடும். பன்னிரண்டு மொனை சாக்கெட் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

டேங்கக் கழட்டிட்டு வீட்ல நிதானமா செய்றதுக்கு 3/8 இன்ச் ராட்செட்டும் ஆறு மொனை பிளக் சாக்கெட்டும் போதும், 1/2 இன்ச் வேண்டாம், வேகத்துல ஓவரா இறுக்கிடுவோம். ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல மாட்டுற எக்ஸ்டென்ஷன் கம்பி நீளமா ஒண்ணு வாங்குறதுக்குப் பதிலா குட்டியா ரெண்டு வாங்குங்க, முதல்ல சாக்கெட்ட மட்டும் உள்ள விட்டு பிளக்ல உக்கார வச்சிட்டு அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டிக்கலாம். சாய்வா திருப்ப நடுவுல மடங்குற யுனிவர்சல் ஜாயின்ட் போட்டாத்தான் முடியும்னா அத இன்சுலேஷன் டேப்பால ரெண்டு சுத்து சுத்திடுங்க, தொளதொளன்னு ஆடாது. சாக்கெட் சாஞ்சு நிக்கும்போது பலம் குடுத்தா பிளக்கோட வெள்ளை பீங்கான்ல மயிரிழை கீறல் விழும், வெளில தெரியாது, ஐடில்ல நல்லா ஓடும், திராட்டில் குடுத்தா மிஸ் அடிக்கும், நாம கார்புரேட்டரப் போட்டு நோண்டிட்டு இருப்போம்.

சாக்கெட்டுக்குள்ள ரப்பர் இருந்தா பிளக் கீழ விழாம வரும், ஆனா அது ஆயில் பட்டு ஊதிட்டா பிளக்க விடவே விடாது, நாம இழுத்தா எக்ஸ்டென்ஷன் மட்டும் கைக்கு வரும், சாக்கெட் உள்ளயே நிக்கும். ஆழமான குழிக்கு மேக்னெட் வச்சதே மேல்.

கழட்டும்போது என்ஜின் நல்லா ஆறியிருக்கணும், அலுமினியம் ஹெட்ல சூடா இருக்கப்ப திருப்பினா மரையும் சேந்து வரும். குழில இருக்கிற மண்ண காத்தடிச்சு எடுத்துட்டு, கால் சுத்து லூஸ் பண்ணி மறுபடி காத்தடிங்க, இல்லன்னா அது நேரா சிலிண்டருக்குள்ள போகும். பாதில பிடிச்சா பலவந்தம் பண்ணாதீங்க, கொஞ்சம் துரு இளக்குற ஆயில் விட்டு ஊற வச்சு முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டி எடுங்க.

திரும்ப மாட்டுறதுக்கு ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸ் போதும், இதுக்கு காசு குடுத்து எந்த டூலும் வாங்க வேண்டாம். பிளக் தலைல சொருகி விரலால உருட்டுங்க, மரை கோணலாப் பிடிச்சா ஹோஸ் வழுக்கிடும், அதனால மரைக்கு சேதாரம் இல்ல. கையால முழுசா உக்காந்த பிறகு புது பிளக்னா வாஷர் நசுங்க அரை சுத்து, பழைய பிளக்கையே போட்டா 1/12 சுத்து. எவ்ளோ பலத்துல இறுக்குறோம்னு காட்டுற டார்க் ரென்ச் நுழையுற இடமா இருந்தா 12 எம்எம் மரைக்கு 15லருந்து 20 நியூட்டன் மீட்டர், 14க்கு 25லருந்து 30.